சாவி கொடுக்காத பொம்மை

பழைய தகரப் பொம்மை சேகரிப்பவர்களின் வீட்டுக்குப் போனால் முதலில் உறைப்பது அங்கிருக்கும் அமைதி. கண்ணாடி அலமாரிகள், உள்ளே சிறு விளக்குகள், தட்டுத் தட்டாக நூறு, இருநூறு பொம்மைகள். ஏணியில் பாதி ஏறி நிற்கும் தீயணைப்பு வீரன். கோலை ஓங்கியபடியே இருக்கும் டிரம்காரன். எல்லாமே ஓடுவதற்கும் ஆடுவதற்கும் செய்யப்பட்டவை, ஒன்றும் அசைவதில்லை. நம் வீட்டுக் கொலுவில் பொம்மைகள் அசையாவிட்டாலும் பாட்டு உண்டு, சுண்டல் உண்டு, வந்துபோகும் பெண்களின் பேச்சு உண்டு. இங்கே அதுவும் கிடையாது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ஒன்றை எடுத்து, கையில் ஏந்திக் காட்டிவிட்டுத் திரும்ப வைப்பார். சாவி கொடுத்துக் காட்டுங்களேன் என்று கேட்டால் முகம் மாறும்.

நான் இந்த உலகத்துக்குள் வந்தது தொழில் வழியாக. மென்பொருள் ஆலோசகர்களுக்கு வாரத்தில் நாலு நாள் வேற்றூரில் விடுதி வாசம். பத்து வருடங்களுக்கு முன் எனக்கு வாய்த்த ஊர் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி. ஏரிக்கரை, பனி, மூடிய தொழிற்சாலைகள். மாலையில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பழம்பொருள் கடை ஒன்றில் நுழைந்தவன், நாற்பது டாலருக்குத் தகர டிராக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சாவி கொடுத்தால் தடித்த புத்தகங்களின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். அடியில் ஒரு வட்டம், அதற்குள் மூன்று எழுத்துகளும், ரயில் கடவைப் பலகை மாதிரி அவற்றைக் குறுக்கே வெட்டும் ஓர் எக்ஸும். லூயி மார்க்ஸ் கம்பெனியின் முத்திரை. அதன் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று அதே ஊரில்தான் இருந்தது என்று கடைக்காரர் சொன்னார். அன்றிலிருந்து விடவில்லை. இப்போது என்னிடம் முப்பத்தொரு பொம்மைகள் இருக்கின்றன. ஆகவே நான் எழுதப்போவது வெளியாளின் விமர்சனம் இல்லை.

முதலில் இந்தக் கலையின் நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதன் மேல் உண்மையான மதிப்பு இருக்கிறது. தகரம் என்று நாம் சொல்வது மெல்லிய இரும்புத் தகடு. துரு ஏறாமலிருக்க அதன் மேல் ஈயத்தைப் போல வெளுத்த வெள்ளீயப் பூச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொம்மையைச் செய்து முடித்தபின் கையால் வண்ணம் தீட்டினார்கள். லித்தோ அச்சு வந்தபின் வரிசை தலைகீழானது. முகம், சட்டைப் பொத்தான், சக்கரத்தின் ஆரக்கால், ஓட்டுநரின் மீசை எல்லாவற்றையும் தட்டைத் தகட்டின் மேல் முதலில் அச்சிட்டுவிடுவார்கள். பிறகுதான் வெட்டுவதும் அழுத்தி உருவமாக்குவதும். வளைந்தபின் மூக்கு எங்கே வரும், கன்னம் எவ்வளவு இழுபடும் என்று தட்டையாக இருக்கும்போதே ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் பதிப்பதும் அச்சு, உருவை வார்க்கும் கருவியும் அச்சு, சக்கரம் சுழலும் தண்டும் அச்சு என்று தமிழ் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பொம்மையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மொழி இருக்க முடியாது என்று சில சமயம் எனக்குள் சிரித்துக்கொள்வேன். துண்டுகளை இணைக்கப் பற்றவைப்பும் இல்லை, திருகாணியும் இல்லை. ஒரு தகட்டில் சிறு நாக்கு, இன்னொன்றில் கீறல். நாக்கை நுழைத்து மடக்கினால் முடிந்தது. பழுது பார்க்க அந்த நாக்கை ஒருமுறை நிமிர்த்தி மறுபடி மடக்கலாம். இரண்டாம் முறை பெரும்பாலும் ஒடிந்துவிடும்.

அமெரிக்காவில் இதன் தொடக்கம் கடிகாரக்காரர்களோடு சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலம் மலிவான கடிகாரங்களுக்குப் பேர்போனது. அங்கே ஃபாரஸ்ட்வில் என்ற ஊரில் 1856இல் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய கம்பெனிதான் தகரப் பொம்மைக்குள் கடிகாரப் பொறியை வைத்த முதல் அமெரிக்கக் கம்பெனி என்கிறார்கள். அடுத்து பிரிட்ஜ்போர்ட்டில் ஐவ்ஸ். அவையெல்லாம் பித்தளைப் பல்சக்கரம் வைத்த, நெடுநேரம் ஓடுகிற, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான சாமான்கள். சாதாரண வீட்டுக்குப் பொம்மை வந்தது இருபதாம் நூற்றாண்டில், நியூயார்க்கில் ஃபெர்டினாண்ட் ஸ்ட்ராஸ், அவரிடம் வேலை பழகி 1919இல் தனிக்கடை போட்ட லூயி மார்க்ஸ் போன்றவர்களால். பித்தளைக்குப் பதில் அழுத்தி வெட்டிய தகரச் சக்கரம், மெல்லிய ஸ்பிரிங், அரை நிமிட ஓட்டம், சில்லறைக் காசு விலை. உல்வொர்த் போன்ற ஐந்து, பத்து சென்ட் கடைகள் வழியாக அவை நாடு முழுக்கப் போயின. பெருமந்த காலத்தில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த லயனல் ரயில் கம்பெனிகூட, 1934இல் மிக்கியும் மின்னியும் மாறி மாறி அழுத்தி ஓட்டும் தண்டவாளத் தள்ளுவண்டியை ஒரு டாலருக்கு விற்று மூச்சுவிட்டது. மார்க்ஸ் 1955 டிசம்பரில் டைம் இதழின் அட்டைக்கே வந்தார். இடையில் 1942இல் போருக்காக உலோகப் பொம்மை உற்பத்தியை அரசு நிறுத்தியது. போர் முடிந்தபின் பிளாஸ்டிக்கும் ஜப்பானியப் பொம்மைகளும் வந்தன. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பொம்மைகள் குப்பைக்குப் போயின. தப்பியவை எங்களிடம் இருக்கின்றன.

இப்போது சேகரிப்பின் விதிகளுக்கு வருகிறேன். பொம்மைக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் உண்டு. பத்து என்றால் கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல. எட்டுக்குக் கீழே போனால் பெரிய ஆட்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அசல் அட்டைப்பெட்டி கூட இருந்தால் விலை எங்கோ போகும். பொம்மை இல்லாத வெறும் பெட்டியைத் தனியாக விற்பவர்களும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள், போலிப் பெட்டி அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மதிப்பீட்டின் உள்ளர்த்தம் என்ன? எந்தக் குழந்தை ஆசையோடு விளையாடியதோ அந்தப் பொம்மை நாலு மதிப்பெண். எந்தக் குழந்தைக்கு அது கிடைக்கவே இல்லையோ, அல்லது கிடைத்தும் பிடிக்கவில்லையோ, அது ஒன்பதரை.

இதில் பராமரிப்பு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எண்பது வருட எண்ணெய் உறைந்து பிசினாகியிருக்கும். அதிர்வில் வண்ணம் உதிரும், நாக்குகள் தளரும். ஸ்பிரிங்கை முறுக்கியே வைத்திருந்தால் வலுவிழக்கும். ஆனால் விளைவைப் பாருங்கள். அசைவதற்காகச் செய்த ஒரு பொருளை நாங்கள் அச்சிட்ட படமாகப் படிக்கிறோம். சேகரிப்பாளர்களுக்கான விலைக் கையேடுகளில் வண்ணத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கும், ஆண்டு இருக்கும், பெட்டியின் நிலை இருக்கும். அசைவைப் பற்றி ஒரு வரி, இயங்குகிறது அல்லது இயங்கவில்லை. ஒரு நடனக் கலைஞரைப் பற்றி எழுதும்போது உடையைப் பத்துப் பக்கம் வர்ணித்துவிட்டு, ஆடவும் செய்கிறார் என்று முடித்தால் எப்படியிருக்கும்?

இது வெறும் ரசனைக் குறை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். என் பதினெட்டாவது பொம்மை அந்த எண்ணத்தை மாற்றியது.

அதன் பெயர் அலபாமா கூன் ஜிக்கர். நடுச்சொல் நம்முடைய கூன் இல்லை. ரக்கூன் என்ற விலங்கின் பெயரைச் சுருக்கிக் கறுப்பின மக்கள் மேல் எறிந்த வசை. ஜிக் என்பது குதித்தாடும் ஆட்டம். 1910ஆம் ஆண்டின் காப்புரிமையோடு ஸ்ட்ராஸ் இதை விற்றார். டாம்போ என்று இன்னொரு பெயரும் உண்டு. ஏறக்குறைய இதே பொம்மையை ஜெர்மனியின் லேமன் கம்பெனியும் செய்தது. ஸ்ட்ராஸ் தொழிலில் நொடித்தபோது மார்க்ஸ் அவரிடமிருந்து வாங்கிய பழைய அச்சுகள் இரண்டு. ஒன்று கயிற்றில் ஏறும் குரங்கு, மற்றது இது. இரண்டையும் சற்றே மாற்றி மில்லியன் கணக்கில் விற்றுத்தான் அந்த இளைஞர் பெரும் பணக்காரர் ஆனார். அமெரிக்கக் குழந்தைகளின் செல்லக் கம்பெனிக்கு முதல் போட்டவர்கள் ஒரு குரங்கும் ஒரு கறுப்பு மனிதனும். இதை ஒரு தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் கண் அந்தக் காலச் சந்தையில் ஏற்கெனவே இருந்தது.

பொம்மை எளிமையானது. ஒரு தகரப் பெட்டிதான் மேடை. பொறி அதற்குள். மேடைமேல் நிற்பவனை முதுகுப்புறமாக ஒரு கம்பி தாங்குகிறது. இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுகள் மிகத் தளர்வாகக் கோக்கப்பட்டவை. பொறி கம்பியை அதிரவைக்கும், கால்கள் தாமாகவே உதறிக்கொள்ளும். பொறியியல் ரீதியாக இது அபாரம். காலுக்கென்று தனிப் பொறி கிடையாது, தளர்ச்சியே நடனமாகிறது. குறைந்த செலவில் கூடுதல் அசைவு. என் தொழிலில் இப்படி ஒரு தீர்வைக் கண்டுபிடித்தவருக்குக் கைகுலுக்குவோம்.

அலமாரியில் நிற்கும்போது இவன் யார்? அகன்ற உதடு, கட்டம்போட்ட கால்சட்டை அணிந்த ஒரு கேலிச்சித்திரம். அருவருப்பானதுதான், ஆனாலும் அந்தக் காலத்து விளம்பரங்களிலும் சோப்பு அட்டைகளிலும் பார்த்துப் பழகிய படம், கண் கடந்து போய்விடும். சாவி கொடுத்தால் வேறு. கம்பியில் மாட்டிய ஒரு மனிதன் நிறுத்த முடியாமல் ஆடுகிறான். முகத்தில் அச்சிட்ட சிரிப்பு மாறுவதில்லை. கால்கள் அவன் வசத்தில் இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது சாவி வைத்திருப்பவர் கையில். அந்தக் கை ஐந்து வயதுக் குழந்தையின் கை. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகாத ஒரு நாட்டில் இந்தப் பொம்மை குழந்தைக்குக் கொடுத்தது முகத்தின் கேலியை மட்டுமா? அந்த உறவையே உள்ளங்கையில் வைத்து இயக்கிப் பார்க்கக் கொடுத்தது. நாம் தமிழில் சொந்தப் புத்தி இல்லாதவனைச் சாவி கொடுத்த பொம்மை என்கிறோம். இங்கே அந்த உவமை உவமையாக இல்லை.

ஆகவே, சாவி கொடுக்காத சேகரிப்பு ஸ்பிரிங்கை மட்டும் காப்பாற்றுவதில்லை, சேகரிப்பவரையும் காப்பாற்றுகிறது. அசையாத டாம்போவை வண்ணம், ஆண்டு, மதிப்பெண் என்று பேசிக் கடக்கலாம். ஆடும் டாம்போவின் முன்னால் அப்படிப் பேச வாய் வராது. சில ஏலப் பட்டியல்கள் பெயரிலிருந்து அந்த நடுச்சொல்லை எடுத்துவிட்டு அலபாமா ஜிக்கர் என்று போடுகின்றன. நாகரிகம் கருதித்தான். ஆனால் பொம்மை அப்படியே விற்பனையில் இருக்க, அதற்கு வைத்த பெயரை மட்டும் நீக்கினால் யாருக்கு நன்மை? எனக்கு அது துருவின் மேல் வண்ணம் பூசுவதாகவே படுகிறது. அதை இந்த வட்டாரத்தில் மோசடி என்பார்கள், மதிப்பெண் குறையும்.

எனக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு கடைசல் தொழிலாளி, எழுபது தாண்டிய வெள்ளையர், மிக நல்ல மனிதர். அவர் இரண்டு வாதங்கள் சொல்வார். முதலாவது, இந்தப் பொறி எல்லோரையும் ஆட்டியிருக்கிறது. உண்மை. நியூஜெர்சியின் நெவார்க்கில் இருந்த யுனீக் ஆர்ட் கம்பெனியின் வரிசையைப் பாருங்கள். 1921இல் ஜாஸ்போ ஜிம். குடிசைக் கூரைமேல் பாஞ்சோவோடு ஆடும் கறுப்பர். 1945இல், போர் முடிந்த கையோடு, லில் ஆப்னர் வாத்தியக் குழு. மலைநாட்டு ஏழை வெள்ளைக் குடும்பம். மகன் ஆடுகிறான், டெய்சி மே பியானோ வாசிக்கிறாள், அப்பா டிரம் தட்டுகிறார், அம்மா பியானோமேல் உட்கார்ந்து கோலை ஆட்டுகிறாள். அடுத்து ஹௌடி டூடி, தொலைக்காட்சியின் மரப்பாவைப் பையன். பொறியின் தத்துவம் ஒன்றே, ஆடுபவர்தான் மாறிக்கொண்டே போகிறார். மார்க்ஸின் 1931 மெர்ரிமேக்கர்ஸ் குழுவில் எலிகள் இருந்தன. ஆக, எல்லோரும் கேலிக்குரியவர்களே என்பது நண்பரின் கட்சி.

நான் அந்தக் குழுவை மேசைமேல் வைத்து ஓடவிட்டுப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். ஆப்னர் தன் குடும்பத்தின் வாசிப்புக்கு ஆடுகிறான். பார்வையாளர் இல்லாவிட்டாலும் அங்கே ஒரு வீடு இருக்கிறது, அவனுக்குச் சித்திரக்கதையில் ஒரு பெயரும் வாழ்க்கையும் இருக்கிறது. ஜாஸ்போ ஜிம்மும் டாம்போவும் தனியாக ஆடுகிறார்கள். அவர்களுக்கு எதிரே இருப்பது நாம் மட்டும். அசைவு ஒன்றானாலும் யாருக்காக அசைகிறது என்பது மாறுகிறது. கலை விமர்சனம் என்று ஒன்று இருந்தால் இந்த வித்தியாசத்தைத்தான் அது சொல்ல வேண்டும், மதிப்பெண் போடும் கையேடு சொல்லாது.

அவருடைய இரண்டாவது வாதம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தக் காலம் அப்படி. இதை நம் வீடுகளிலும் வேறு விஷயங்களுக்குச் சொல்வோம். ஆனால் யாருடைய காலம்? 1930இல் மார்க்ஸ் கம்பெனி ஏமஸும் ஆண்டியும் நிகழ்ச்சியின் ஃபிரெஷ் ஏர் டாக்ஸியைத் தகரத்தில் செய்தது. இரண்டு வெள்ளையர்கள் கறுப்பர்களின் குரலில் பேசிய வானொலித் தொடர் அது. கூரை இல்லாத கார், குலுங்கிக் குலுங்கி ஓடும். அதற்கு அடுத்த வருடமே பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் வான், அந்தத் தொடரை நிறுத்தச் சொல்லிப் பத்து லட்சம் கையெழுத்து திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். பிட்ஸ்பர்க் ஈரியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், அதே மாநிலம். அந்தக் காலத்திலேயே கை ஓங்கி மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல்தான் அந்தக் காலம் அப்படி என்று சொல்ல முடிகிறது.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்பவன் அந்தப் பொம்மையை ஏன் வாங்கினான்? அரிதானது, விலை சரியாக இருந்தது, மதிப்பெண் ஏழு. அவ்வளவுதான் அன்று என் மனத்தில் ஓடியது. "வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல படற இடத்துல வைக்காதீங்க" என்று மனைவி சொன்னபோது, சரித்திரச் சின்னம் என்று அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். கறுப்பு நிறத்தை வைத்து நம் திரைப்பட நகைச்சுவை ஐம்பது வருடமாகச் செய்வதைச் சனிக்கிழமை ராத்திரிகளில் பார்த்துச் சிரித்த வாய்தான் என்னுடையதும். எனக்கு முதலில் சுருக்கென்றது வேறொரு பொம்மையில். அந்த நண்பர் வீட்டில் லேமனின் காடி என்ற பொம்மையைப் பார்த்தேன். சீனக் கூலிகள் இருவர் தேயிலைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கூலி, தேயிலை. என் மனைவியின் பாட்டனார் பிறந்தது நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட லயத்தில். அந்தப் பெட்டியைச் சுமப்பவர்களின் முகம் வேறு, ஆனால் தோளின் கோணம் எனக்குத் தெரிந்த புகைப்படங்களில் இருந்தது. அன்று வீடு திரும்பும்போது காரில், பதினெட்டாம் பொம்மையை நான் இன்னும் ஒருமுறைகூட இயக்கியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. மூன்று வருடங்கள். டிராக்டரைப் பலமுறை ஓட்டியிருக்கிறேன்.

இயக்கியது நான் இல்லை, என் மகள். அவளுக்குப் பதின்மூன்று வயது, பள்ளியில் அந்த வருடம் மறுவாழ்வுக் காலமும் ஜிம் க்ரோ சட்டங்களும் பாடம். நான் வேலைக்கு ஊர் போயிருந்த ஒரு வாரத்தில் தன் தோழியை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாள், அலமாரியைக் காட்டியிருக்கிறாள். தோழி கறுப்பினக் குடும்பத்துப் பெண். அவள் கேட்டதன் பேரில்தான் சாவி கொடுத்தாளாம். அரை நிமிடம் ஓடியது. பாதியில் நிறுத்தத் தெரியவில்லை என்று மகள் சொன்னாள். அதை அவள் சொன்ன விதத்தை என்னால் இங்கே எழுத முடியவில்லை. தோழி ஒன்றும் சொல்லவில்லையாம். இருட்டும் முன் அவளுடைய அம்மா வந்து அழைத்துப் போய்விட்டார். என் மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். இதை வாங்கும்போது இது ஆடிப் பார்த்தீர்களா, அப்பா?

மிச்சிகனில் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரோ அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய டேவிட் பில்க்ரிம் கறுப்பினச் சமூகவியலாளர், தம் சேகரிப்பையே அதற்குக் கொடுத்தவர். சிறுவயதில் இந்த வகைப் பொருளொன்றை முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கி, விற்றவர் கண்ணெதிரிலேயே தரையில் போட்டு உடைத்ததாக எழுதியிருக்கிறார். பிறகு உடைப்பதை விட்டுச் சேர்க்கத் தொடங்கினார். அவர் சேர்த்ததும் நான் சேர்த்ததும் சில இடங்களில் ஒரே அச்சில் வந்த பொருள்கள். அங்கே அவை அருவருப்பின் பெயர் சொல்லப்பட்டு, பக்கத்தில் அதன் வரலாறு எழுதப்பட்டு இருக்கின்றன. என் அலமாரியில் எண்ணும் ஆண்டும் எழுதிய சிறு அட்டை இருந்தது.

அட்டையை எடுத்துவிட்டேன். பொம்மையை விற்க மனமில்லை, அடுத்தவர் அலமாரிக்கு மாற்றுவதுதான் அது. அருங்காட்சியகத்துக்கு எழுதலாம் என்று மகளும் நானும் பேசியிருக்கிறோம். கடிதத்தை அவள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள், இரண்டு பத்தி ஆகியிருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதுவதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, ஒருமுறை சாவி கொடுத்தேன். ஸ்பிரிங் நல்ல நிலையில்தான் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன், முப்பத்து நாலு விநாடி.